தங்கம் என்று பெயர், வெள்ளியில் காசு: 1813-இன் 2 ஸ்வோட்டி

போலந்து நாட்டுப் பணத்தின் பெயர் ஸ்வோட்டி. நம் செய்தித்தாள்களில் ஸ்லோட்டி என்றும் அச்சாகும். அந்தச் சொல்லுக்குப் ‘பொன்னாலானது’ என்று பொருள். நெப்போலியன் காலத்து 2 ஸ்வோட்டி வெள்ளிக்காசு ஒன்றின் படம் பழங்காசு ஆர்வலர்கள் நடுவே வந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் அதே கேள்விகள்தான் எழும். பொன் என்று பெயர் வைத்துவிட்டு ஏன் வெள்ளியில் அடித்தார்கள்? நெப்போலியன் காசு என்றால் அவர் முகம் எங்கே? முகமே இல்லாமல் வெறும் எழுத்து மட்டும் இருக்கிறதே, இது காசா பதக்கமா? இவற்றுக்கு நடுவில் யாராவது ஒருவர், “அந்தக் காலத்து வெள்ளி சுத்தமான வெள்ளி” என்று சொல்லிவிட்டுப் போவார். அதையும் நாலு பேர் நம்புவார்கள்.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். காசின் பெயர், காசின் உலோகம், காசின் மதிப்பு ஆகிய மூன்றும் ஒன்றே என்று நினைத்துக்கொள்கிறோம். மூன்றும் தனித்தனி. அதைப் புரிய வைக்க 1813-இல் போலந்தின் ஜமோஷ்ச் கோட்டைக்குள் அடித்த 2 ஸ்வோட்டியைவிடப் பொருத்தமான காசு எனக்குத் தெரிந்து இல்லை.

பெயர் வேறு, காசு வேறு

நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். கல்யாணப் பேச்சில் ‘இருபது பவுன்’ என்கிறோம். பவுன் என்பது இங்கிலாந்தின் சவரன் தங்கக்காசு. எட்டு கிராமுக்குக் கொஞ்சம் குறைந்த எடை கொண்டது. இன்று நகைக்கடையில் யாரும் சவரனை எண்ணி வைத்து விற்பதில்லை. காசு கையை விட்டுப் போய்விட்டது, அதன் பெயர் எட்டு கிராமுக்கான அளவாக நின்றுவிட்டது. ‘எட்டணா’வும் அப்படித்தான். 1957-இல் அணா ஒழிந்து பைசா வந்தது. அதற்கப்புறமும் ஐம்பது பைசாவை எட்டணா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

இப்படிக் கையில் இல்லாவிட்டாலும் கணக்கில் வாழும் பணத்தைக் ‘கணக்குப் பணம்’ என்பார்கள். பேரம் பேசவும் கடன் எழுதவும் உதவும் அளவுகோல் அது. சட்டைப்பையில் அது காசாக இருந்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை.

ஸ்வோட்டியின் கதை இதேதான், ஆனால் இன்னும் நீளம். பதினைந்தாம் நூற்றாண்டில் போலந்துக்காரர்கள் டக்கட் என்ற தங்கக்காசைத்தான் ‘பொன்’ என்றார்கள். 1496-இல் அந்நாட்டு மன்றமான செய்ம், ஒரு பொன்னுக்கு 30 குரோஷ் என்று விதித்தது. குரோஷ் என்பது சிறிய வெள்ளிக்காசு. காலம் போகப்போகக் குரோஷில் வெள்ளி குறைந்தது. வெள்ளி குறைந்த குரோஷ் முப்பதைக் கொடுத்தால் தங்கக்காசை எவன் தருவான்? டக்கட்டின் விலை 30-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனது. ஆனால் ‘ஒரு ஸ்வோட்டி என்றால் 30 குரோஷ்’ என்ற கணக்கு ஜனங்கள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசியில் இரண்டும் பிரிந்தன. தங்கக்காசு ‘செம்பொன்’ ஆயிற்று. 30 குரோஷ் கணக்கு ‘போலந்துப் பொன்’ ஆயிற்று. 1766-இல் ஒரு செம்பொன் வாங்க 16¾ போலந்துப் பொன் வேண்டியிருந்தது. பெயரில் மட்டும்தான் தங்கம் மிச்சம்.

அந்தக் கணக்குப் பணம் முதன்முதலில் கையில் பிடிக்கும் காசாக வந்தது 1663-இல். அது வந்த விதம் சுவாரசியமானது. போரில் நொடித்துப்போன அரசர் இரண்டாம் யான் காசிமிர், 30 குரோஷ் என்று அச்சிட்டு ஒரு காசை வெளியிட்டார். உள்ளே இருந்த வெள்ளியோ அதில் பாதிக்கும் குறைவு. காசின் மேலேயே லத்தீனில் ஒரு சமாதானமும் பொறித்தார்கள்: காப்பாற்றப்பட்ட நாடுதான் இதற்கு மதிப்புத் தருகிறது, அது உலோகத்தைவிட மேலானது என்று. காசு அடிக்கும் அக்கசாலையை நடத்தியவர் பெயர் டிம்ஃப், காசுக்கும் அதுவே பெயராகிவிட்டது. ‘நல்ல சிரிப்புக்கு ஒரு டிம்ஃப் தரலாம்’ என்ற பழமொழி போலிஷ் மொழியில் இன்றும் உண்டு. அரசரின் பெயர்ச் சுருக்கமாகக் காசில் இருந்த மூன்று எழுத்துகளுக்கு, ‘நாட்டின் கேடுகாலத்தின் தொடக்கம்’ என்று லத்தீனில் விரிவு சொல்லிச் சிரித்தார்களாம். ஜனங்களை ஏமாற்றுவது அவ்வளவு எளிதாக இருக்கவில்லை.

இதுவரை சொன்னதில் ஒன்று நினைவிருந்தால் போதும். ஸ்வோட்டி முதலில் ஒரு தங்கக்காசின் பெயர், அப்புறம் 30 குரோஷுக்கான கணக்குப் பெயர், அதற்கும் அப்புறம்தான் வெள்ளிக்காசு.

பதினாறணாவில் பத்தணா வெள்ளி

இனி ‘சுத்தமான வெள்ளி’ விஷயம். நகைத் தங்கத்தை 24 பங்காக்கி, அதில் 22 பங்கு தங்கம் என்றால் 22 கேரட் என்கிறோம். அந்தக்கால ஜெர்மானிய, போலந்து அக்கசாலைகள் வெள்ளியை 16 பங்காக்கின. ஒரு பங்குக்கு லோட் என்று பெயர். பதினாறு லோட் என்றால் கலப்பே இல்லாத வெள்ளி. நமக்கு இது புதிதல்ல. ஒரு ரூபாய்க்குப் பதினாறணா, முழுமைக்கும் ‘பதினாறணா’ என்றுதானே சொல்லிப் பழகியிருக்கிறோம்.

கலப்பில் இருக்கும் சுத்த வெள்ளியின் பங்கைத் ‘தரம்’ என்போம். 1810-இலிருந்து வார்சா அக்கசாலை அடித்த 2 ஸ்வோட்டிக் காசின் தரம் பத்து லோட், அதாவது பதினாறில் பத்து. ஆயிரத்துக்கு 625 என்று இன்றைய கணக்கில் எழுதுவார்கள். மீதி ஆறு பங்கு செம்பு. காசின் எடை சுமார் 8.6 கிராம், அதில் சுத்த வெள்ளி சுமார் 5.4 கிராம். பத்தணா வெள்ளிதான்!

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. சுத்த வெள்ளி மெத்தென்று இருக்கும், சீக்கிரம் தேயும். செம்பு கலந்தால் கெட்டிப்படும். எவ்வளவு கலந்திருக்கிறது என்பது வெளிப்படையாகத் தெரிந்த விஷயம். வட்டிக்கடைக்காரரும் தட்டாரும் அதை வைத்தே கணக்குப் போட்டார்கள். அறிவிக்காமல் குறைத்தால்தான் மோசடி.

அதே அக்கசாலையின் பெரிய காசான தாலர் கொஞ்சம் மேல். எடை சுமார் 23 கிராம், தரம் ஆயிரத்துக்கு 720 அளவில். அதாவது பதினொன்றரை அணா. சின்னக் காசான 10 குரோஷ் நேர் எதிர். அதில் வெள்ளி மிகக் குறைவு, பெரும்பகுதி செம்பு. பாதிக்கும் குறைவாக வெள்ளி உள்ள இத்தகைய கலப்புக்குப் பில்லன் என்று பெயர். சின்னக் காசை அடிக்கும் கூலி பெரிய காசுக்கு ஆகும் கூலியைவிடப் பெரிதாகக் குறையாது. அதனால் எந்த அரசும் சில்லறையில் வெள்ளியைக் கிள்ளித்தான் வைத்தது.

ஒரு படி மாவில் எத்தனை இட்லி?

தரம் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு ஸ்வோட்டியில் எவ்வளவு வெள்ளி இருக்க வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தார்கள்? இங்கேதான் கொலோன் மார்க் வருகிறது. ஜெர்மனியின் கொலோன் நகரத்து எடைக்கல் அது. சுமார் 233.8 கிராம். சுத்த வெள்ளி ஒரு மார்க் எடுத்துக்கொண்டு, அதிலிருந்து இத்தனை காசு அடிக்கலாம் என்று அரசு அறிவிக்கும். ஒரு படி மாவில் இத்தனை இட்லி என்பது போலத்தான். படி மாறாது. எண்ணிக்கை கூடினால் இட்லி சிறுக்கும்.

போலந்தின் கடைசி அரசர் ஸ்தானிஸ்வாவ் அகஸ்ட் 1766-இல் காசுகளை ஒழுங்குபடுத்தினார். அப்போது மார்க்குக்கு 80 ஸ்வோட்டி. ஒரு ஸ்வோட்டிக்குச் சுமார் 2.92 கிராம் சுத்த வெள்ளி. 1794-இல் மார்க்குக்கு 84½ ஆயிற்று. ஸ்வோட்டி சுமார் 2.77 கிராமுக்கு இறங்கியது. 1810-க்குப் பிறகு வார்சாவில் அடித்த 2 ஸ்வோட்டியை இரண்டால் வகுத்தால் சுமார் 2.7 கிராம். ஒவ்வொரு தடவையும் துளித்துளியாகத்தான் குறைகிறது. ஒரே அடியாகக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை டிம்ஃப் கற்றுக்கொடுத்திருந்தது.

காசில் வெள்ளி குறைந்தால் என்ன நடக்கும் என்று போலந்து அரசின் எல்லைக்குள் வாழ்ந்த ஒருவர் இதற்கெல்லாம் வெகுமுன்பே, 1526-இல், விளக்கி எழுதியிருந்தார். அவரை நாம் வானியலாளராக மட்டுமே அறிவோம்: நிக்கோலாஸ் கோப்பர்னிக்கஸ். வெள்ளி கூடிய காசும் குறைந்த காசும் ஒரே விலைக்கு ஓடினால், நல்லதை ஜனங்கள் உருக்குவார்கள் அல்லது ஒளித்து வைப்பார்கள், மட்டமானது மட்டும் சந்தையில் சுற்றும் என்பது அவர் சொன்னதன் சாரம். கிழிந்த நோட்டை முதலில் தள்ளிவிடும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

தாலருக்கும் ஸ்வோட்டிக்கும் உள்ள விகிதத்தையும் இங்கே சொல்லிவிடலாம். 1766-இல் ஒரு தாலருக்கு 8 ஸ்வோட்டி. 1810-இல் 6 ஸ்வோட்டி. ஸ்வோட்டி திடீரென்று ஏறிவிட்டதோ என்று தோன்றும். இல்லை. தாலர்தான் சிறுத்தது. இடைப்பட்ட காலத்தில் போலந்து வரைபடத்திலிருந்தே மறைந்துபோயிருந்தது. வார்சா பத்தாண்டுகள் ஜெர்மானிய அண்டை அரசான பிரஷ்யாவின் கையில் இருந்தது. பிரஷ்யத் தாலரில் சுத்த வெள்ளி சுமார் 16.7 கிராம். புதிய வார்சாத் தாலரையும் ஏறக்குறைய அதே அளவில், சுமார் 16.5 கிராமில் அடித்தார்கள். ஊரில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த காசோடு ஒத்துப்போகாத காசை யாரும் தொடமாட்டார்கள் அல்லவா.

சுருக்கமாக: தரம் என்பது கலப்பில் வெள்ளியின் பங்கு. மார்க் கணக்கு என்பது காசுக்கு எத்தனை கிராம் வெள்ளி என்ற விதி. இரண்டும் சேர்ந்ததுதான் காசின் உலோக மதிப்பு. காசின் மேல் எழுதியிருப்பது முகமதிப்பு.

நெப்போலியன் நாடு, சாக்சனி மன்னர் முகம்

1807 ஜூலையில் தில்சித் நகரில் நெப்போலியனும் ரஷ்யச் சக்கரவர்த்தி அலெக்சாந்தரும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பிரஷ்யாவிடமிருந்து பிடுங்கிய போலந்துப் பகுதிகளைக் கொண்டு ஒரு சிறு நாடு உருவானது. போலந்து என்ற பெயரை வைத்தால் ரஷ்யா முறைக்கும். அதனால் வார்சா டச்சி என்று பெயர். டச்சி என்றால் மன்னருக்கு ஒரு படி கீழான கோமகன் ஆளும் நாடு. அந்தக் கோமகனாக நெப்போலியன் அமர்த்தியது, ஜெர்மானிய நாடான சாக்சனியின் மன்னர் ஃபிரெடரிக் அகஸ்டஸை. போலந்தின் 1791 அரசியலமைப்பே சாக்சனி ஆட்சியாளரைத்தான் அடுத்த வாரிசாகக் காட்டியிருந்தது. ஆக, வார்சாக் காசுகளில் இருப்பது அவர் முகம். நெப்போலியன் முகத்தைத் தேடிப் பயனில்லை.

புது நாடு பிறக்கும்போதே கடனில் பிறந்தது. போலந்து நிலக்கிழார்கள் பிரஷ்யாவுக்குத் தரவேண்டிய பழைய கடன்களைப் போரில் வென்ற சொத்தாகப் பிரான்ஸ் எடுத்துக்கொண்டது. பிறகு 1808-இல் பயோன் நகரில், 4 கோடி பிராங்குக்கு மேல் பெறுமானமுள்ள அந்தக் கடன் பத்திரங்களைச் சுமார் 2 கோடி பிராங்குக்கு டச்சியின் தலையில் கட்டிவிட்டது. பாதி விலைதானே என்று தோன்றும். வசூலாகாத கடனுக்கு அதுவே அதிகம். இன்றும் போலிஷ் மொழியில் எட்டாத பெருந்தொகையைப் ‘பயோன் தொகை’ என்கிறார்கள்.

இந்த நெருக்கடியில்தான் 1810-இல் வார்சா அக்கசாலை திரும்பத் திறந்தது. தாலர், தாலரில் மூன்றிலொன்று, ஆறிலொன்று, அப்புறம் பில்லன் சில்லறை, செம்புக் குரோஷ்கள் என்று வரிசையாக அடித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2 ஸ்வோட்டிக் காசின் மேல் ‘2 ஸ்வோட்டி’ என்று இருக்காது. ‘⅓ தாலர்’ என்றுதான் இருக்கும். 1 ஸ்வோட்டியில் ‘⅙ தாலர்’. அரசு தாலரில் எழுதியது, ஜனங்கள் ஸ்வோட்டியில் எண்ணினார்கள். பழங்காசு விற்பவர்களின் பட்டியலில் ‘⅓ தாலர் (2 ஸ்வோட்டி)’ என்று இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்து இரண்டு காசு என்று நினைப்பவர்கள் உண்டு. ஒன்றேதான்.

பூட்டிய கோட்டைக்குள் காசு எதற்கு?

1812-இல் நெப்போலியன் ரஷ்யாவுக்குப் படையெடுத்துப் போய் அழிந்து திரும்பினார். அவரோடு போன போலந்துப் படையும் நொறுங்கியது. 1813 தொடக்கத்தில் ரஷ்யர்கள் வார்சாவுக்குள் நுழைந்தார்கள். டச்சியின் தென்கிழக்கில் ஜமோஷ்ச் என்ற கோட்டை நகரம் கதவை மூடிக்கொண்டது. 1580-இல் யான் ஜமோய்ஸ்கி என்ற பிரபு, இத்தாலியின் பதுவாவிலிருந்து வந்த பெர்னார்தோ மொராந்தோ என்ற கட்டடக்கலைஞரை வைத்துக் கட்டிய ஊர் அது. கோசாக்குகளையும் ஸ்வீடன்காரர்களையும் தாக்குப்பிடித்த மதில். இப்போது உள்ளே இருந்த படைக்குத் தளபதி மௌரிட்சி ஹௌக்கே. வெளியே ரஷ்யர்கள். முற்றுகை நவம்பர் வரை நீடித்தது.

முற்றுகையில் சோறு தீரும், மருந்து தீரும். காசு ஏன் தீர வேண்டும்? உள்ளே இருக்கும் காசு உள்ளேதானே சுற்றும்? நியாயமான கேள்வி, பலரும் தடுக்கிவிழும் இடம் இதுதான். காசு தீர்ந்துபோவதில்லை, ஓடாமல் நின்றுபோகிறது.

ஒரு சின்னத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியுலகத் தொடர்பு அறுந்துவிட்டது. சிப்பாய் சம்பளத்தைக் கொண்டுபோய் ரொட்டிக்காரரிடம் கொடுக்கிறார். சாதாரண நாட்களில் ரொட்டிக்காரர் அந்தக் காசை வெளியூர் மாவு வியாபாரிக்குக் கொடுப்பார், வியாபாரி வரி கட்டுவார், வரி கஜானாவுக்குப் போய்த் திரும்பச் சிப்பாய்க்கு வரும். இப்போது வெளியூரும் இல்லை, வரியும் இல்லை. ரொட்டிக்காரர் கைக்கு வந்த காசை என்ன செய்வார்? நாளை என்ன ஆகுமோ என்ற பயத்தில் அடுப்பங்கரையில் புதைப்பார். நல்ல வெள்ளிக்காசுகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போகும். கோப்பர்னிக்கஸ் சொன்னது இங்கே இன்னும் வேகமாக நடக்கும். தளபதியிடமோ அடுத்த மாதச் சம்பளத்துக்குக் காசு இருக்காது. சம்பளமில்லாத சிப்பாய் மதில்மேல் எத்தனை நாள் நிற்பார்?

அப்போது தளபதி செய்யக்கூடியது ஒன்றே: இருக்கும் உலோகத்தைக் காசாக்குவது. இப்படி முற்றுகைக்குள் அவசரமாக அடிக்கும் பணத்தை ‘முற்றுகைக் காசு’ என்பார்கள். ஐரோப்பாவில் பல ஊர்களில் இது நடந்திருக்கிறது. பெரும்பாலும் தேவாலயத் தட்டுகளும் பிரபுக்கள் வீட்டு வெள்ளிப் பாத்திரங்களும்தான் காசாகும். இங்கிலாந்தின் நியூவார்க்கில் 1645, 1646 ஆண்டுகளில் வெள்ளித் தட்டுகளைச் சாய்சதுரமாக வெட்டியே காசாக்கினார்கள். சில காசுகளின் பின்புறம் பழைய தட்டின் பூவேலை இன்னும் தெரியும். ஹாலந்தின் லைடனில் 1574-இல் உலோகமே இல்லை. தேவாலயப் புத்தகங்களின் தாளை ஒட்டி அட்டையாக்கி அதில் அச்சடித்தார்கள்.

நெப்போலியனின் பேரரசு சரிந்த 1813, 1814 ஆண்டுகளில் இத்தகைய காசுகள் அங்கங்கே முளைத்தன. அட்ரியாட்டிக் கரையில் ஜாரா, கத்தாரோ, வடக்கே ஆன்ட்வெர்ப் என்று பிரெஞ்சுப் படை அடைபட்ட ஊர்களிலெல்லாம் உண்டு. ஜாராவின் வெள்ளிக்காசு எனக்கு மிகவும் பிடித்தது. அதில் எடையையும் விலையையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள்: ஒரு அவுன்ஸ், 4 பிராங்க் 60 சென்டிம். நம்பாதவர் நிறுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

ஜமோஷ்ச்சில் இரண்டு காசுகள் வந்தன. வெள்ளியில் 2 ஸ்வோட்டி, செம்பில் 6 குரோஷ். ஐந்து 6 குரோஷ் சேர்ந்தால் ஒரு ஸ்வோட்டி. முகமும் இல்லை, கழுகுச் சின்னமும் இல்லை, எடையும் இல்லை. கண்ணில் படுவது எழுத்துதான். ஒரு பக்கம் ஜமோஷ்ச் முற்றுகையின் பணம் என்று. மறுபக்கம் ‘ஆண்டவனே, தாய்நாட்டுக்கு உண்மையானவர்களுக்குத் துணை நில்’ என்று ஒரு வேண்டுதல். இந்த வேண்டுதலைப் பார்த்துத்தான் பலர் பதக்கம் என்று முடிவுகட்டுகிறார்கள். முகமதிப்பைத் தெளிவாக எழுதி, சம்பளமாகக் கொடுத்து, கடையில் செலவழிக்க விட்டது பதக்கமாகாது. அது பணம்தான்.

சரி, அந்தக் கோட்டைக்குள் இருந்த ரொட்டிக்காரர் எதை நம்பி இதை வாங்கினார்? கொஞ்சம் உள்ளே இருந்த வெள்ளியை. மிச்சம், முற்றுகை தீர்ந்தால் யாராவது இதை மாற்றித் தருவார்கள் என்ற எதிர்பார்ப்பை. செம்பு 6 குரோஷில் இரண்டாவதுதான் ஏறக்குறைய முழுக்க. வேறு வழியில்லை என்ற உண்மையும் அதில் உண்டு, மதில்மேல் இருந்தவர்கள் கையில் துப்பாக்கி இருந்ததே. முகமதிப்பு உலோக மதிப்பைவிட எவ்வளவு மேலே போகிறதோ, அவ்வளவுக்குக் காசு ஒரு வாக்குறுதியாகிறது. இன்று நம் கையில் இருக்கும் எஃகு ஒரு ரூபாய் அந்தக் கோட்டின் மறுகோடி.

ஒரே நாட்டுப் பணம், இரண்டு முகம்

இப்போது இரண்டு காசுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வார்சாவின் ⅓ தாலர், ஜமோஷ்ச்சின் 2 ஸ்வோட்டி. இரண்டும் ஒரே மதிப்பு.

வார்சா 1813 தொடக்கத்திலேயே ரஷ்யர் கையில் போய்விட்டது. அக்டோபரில் லைப்சிக் போரில் தோற்று, கோமகன் ஃபிரெடரிக் அகஸ்டஸும் எதிரிகளிடம் கைதியானார். இருந்தும் வார்சா அக்கசாலை 1814 என்று ஆண்டிட்டு அவர் முகத்தோடு காசு அடித்துக்கொண்டிருந்தது. ஆக்கிரமித்தவர்களே, தாங்கள் சிறைபிடித்தவரின் முகத்தைப் பொறித்த காசை விட்டுவைத்தார்கள்! இதை விசுவாசம் என்றோ கேலி என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தைக்குப் பழகிய காசு தேவைப்பட்டது, புது முகம் யாருடையது என்று வியன்னாவில் இன்னும் முடிவாகவில்லை. 1814 என்று இருப்பதால் அந்த ஆண்டு டச்சி உயிரோடு ஆண்டது என்று நினைத்தால் தவறு. காசின் முகம் ஆட்சியைவிட மெதுவாகத்தான் மாறும்.

கோமகனுக்காகக் கடைசிவரை நின்ற ஜமோஷ்ச் காசிலோ அவர் முகம் இல்லை. முகத்தை வெட்டத் தேர்ந்த கைவினைஞர் வேண்டும். பூட்டிய கோட்டையில் அதற்கு எங்கே போவது? எழுத்தை வெட்டுவது எளிது. அந்த எழுத்திலும் அவர்கள் தேர்ந்தது எதை என்று பாருங்கள்: ‘⅓ தாலர்’ இல்லை, ‘2 ஸ்வோட்டி’. சிப்பாயும் ரொட்டிக்காரரும் வாயால் எண்ணியது அந்தச் சொல்லைத்தான். அரசு மொழிக்கு அங்கே நேரமில்லை என்பது என் ஊகம்.

1815-இல் வியன்னா மாநாடு டச்சியைக் கலைத்தது. அதன் பெரும்பகுதி, ரஷ்யச் சக்கரவர்த்தியைப் போலந்து மன்னராகக் கொண்ட புதிய நாடாயிற்று. அந்தச் சக்கரவர்த்தி அடித்த வெள்ளிக்காசில் ‘ஸ்வோட்டி’ என்ற சொல் தாராளமாக வந்துவிட்டது. கூடவே, கொலோன் மார்க் சுத்த வெள்ளிக்கு 86 86/125 என்ற கணக்கையும் ஒரு ஸ்வோட்டிக் காசின் மேலேயே பொறித்தார்கள். பள்ளிப்பிள்ளையின் பின்னக் கணக்கு போல இருக்கும் இதை வகுத்துப் பாருங்கள், ஒரு ஸ்வோட்டிக்கு ஏறக்குறைய அதே 2.7 கிராம். ஆட்சி போனது, முகம் போனது, மாவும் இட்லியும் மாறவில்லை.

கையில் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு

வார்சாவின் ⅓ தாலரை அடையாளம் காண்பது எளிது. ஒரு பக்கம் மன்னர் முகம், மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம். கேடயத்தின் பாதியில் சாக்சனிப் பட்டைகள், பாதியில் போலந்துக் கழுகு. அக்கசாலைத் தலைவரின் பெயரெழுத்துகளும் இருக்கும். ஜமோஷ்ச் காசு அப்படியல்ல. முகமில்லாமல் எழுத்தே பிரதானமாக உள்ள காசைப் போலியாகச் செய்வது சுலபம். அதனால் அதை விலை கொடுத்து வாங்க நினைப்பவர், தெரிந்தவரிடம் காட்டாமல் வாங்கக் கூடாது. மங்கலாக, கோணலாக இருக்கிறதே என்பது மட்டும் அது நிஜம் என்பதற்கும் போலி என்பதற்கும் சான்றாகாது. அவசரத்தில் அடித்த காசு அப்படித்தான் இருக்கும்.

தளபதிக்கு என்ன ஆயிற்று?

பசியும் நோயும் வாட்ட, 1813 நவம்பரில் ஹௌக்கே கோட்டையை ஒப்படைத்தார். அடுத்து அவர் போலந்து மன்னரான அதே ரஷ்யச் சக்கரவர்த்தியின் படையில் சேர்ந்து, துணைப் போர் அமைச்சர் வரை உயர்ந்தார். 1830 நவம்பர் 29 இரவில் வார்சாவில் ரஷ்யாவுக்கு எதிராக எழுச்சி வெடித்தது. எழுந்த இளம் படைவீரர்களைக் கண்டித்துத் தடுக்கப் போன ஹௌக்கேயை அவர்கள் தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். தாய்நாட்டுக்கு உண்மையானவர்களுக்காக வேண்டிக் காசு அடித்தவரை, தாய்நாட்டின் பெயரால் சுட்டார்கள்.

அவருடைய மகள் ஜூலியாவுக்கு அப்போது ஐந்து வயது. 1851-இல் அவர் ஹெஸ்ஸே இளவரசர் அலெக்சாந்தரை மணந்தார். மணமகளின் குலம் போதாது என்று அரச குடும்பம் ஏற்காததால், பிள்ளைகளுக்கு பேட்டன்பர்க் என்று ஒரு புதுப்பெயர் கிடைத்தது. 1917-இல் இங்கிலாந்திலிருந்த கிளை அதை மௌண்ட்பேட்டன் என்று மாற்றிக்கொண்டது. 1947-இல் டில்லியில் கடைசி வைஸ்ராயாக இருந்த மௌண்ட்பேட்டன், அந்த ஜூலியாவின் பேரன்.